உள்ளே போய் வந்த பிறகு: தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலம் மத்திய சிறையிலிருந்து ஒரு பையன் வெளியே வந்தால் வீட்டில் கிடைக்கும் முதல் யோசனை அநேகமாக இதுதான்: "இங்க இருந்தா வேலைக்கு ஆகாது, பேசாம பெங்களூர் போயிடு." சொல்வது மாமாவாக இருப்பார், இல்லை அக்கா வீட்டுக்காரராக இருப்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஓசூர் தாண்டினால் யாருக்கும் நம்மைத் தெரியாது, கட்டட வேலை கிடைக்கும், பழைய சகவாசமும் விட்டுப்போகும். ஆனால் நான் பார்த்தவரை, இரண்டாவது தடவை உள்ளே போகிற பையன்களில் நிறையப் பேர் புதிதாக எந்தத் தப்பும் செய்து போகவில்லை. பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கும்போது வாய்தா தவறி, பிடிவாரண்ட் விழுந்து, பொங்கலுக்கு ஊருக்கு வந்த இடத்தில் பிடிபட்டவர்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் கேஸ் முதலில் வருகிறது, வேலை அப்புறம்.

சிறை வாசலில்

உள்ளே போகும்போது எழுதி வாங்கிய பணம், பர்ஸ், அடையாள அட்டைகள் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். கேட்டு, சரிபார்த்து, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். தண்டனைக் கைதியாக இருந்து வேலை செய்திருந்தால் கூலிக் கணக்கில் மிச்சம் இருக்கும், அதையும் கேளுங்கள். உள்ளே தையல், தச்சு, பேக்கரி என்று ஏதாவது பயிற்சி முடித்திருந்தால் அந்தச் சான்றிதழை விடாதீர்கள். சிறை மருத்துவமனையில் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். காசநோய் மாத்திரையையும் மனநல மாத்திரையையும் பாதியில் நிறுத்தக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தத் தேதியில் உள்ளே போனீர்கள், எந்தத் தேதியில் வந்தீர்கள், எந்தக் குற்ற எண் என்று காட்டும் தாள். நாளைக்குத் தண்டனை ஆனால், ரிமாண்டில் இருந்த நாட்கள் அதில் கழியும். அந்தக் கணக்குக்கு இந்தத் தாள்தான் ஆதாரம்.

கூட்டாளிகள் நாலு பைக்கில் மாலையோடு வந்து வாசலில் நின்றால், "வீட்ல காத்துட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அஸ்தம்பட்டியிலிருந்து புதிய பேருந்து நிலையம் போய் தருமபுரி வண்டி ஏறிவிடுங்கள். அந்த வரவேற்பை யாராவது வீடியோ எடுத்துப் போடுவார்கள், அது ஸ்டேஷனுக்கும் போகும். பழைய போட்டோ, பட்டாக்கத்தியில் கேக் வெட்டிய ரீல்ஸ் ஏதாவது உங்கள் கணக்கில் இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேஸ் எந்த நிலையில் இருக்கிறது?

"வெளிய வந்துட்டேன்" என்பதும் "கேஸ் முடிஞ்சிடுச்சு" என்பதும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். நீங்கள் எந்த வகையில் வெளியே வந்தீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்து செய்ய வேண்டியது மாறும்.

ஜாமீனில் வந்திருந்தால் கேஸ் அப்படியே உயிரோடு இருக்கிறது. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். ஒரு நாள்கூடத் தவற விடாதீர்கள். சில வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு, ஜாமீன் கொடுத்த நீதிமன்றத்திலேயே நிபந்தனைத் தளர்வு மனு போடலாம். வாரம் ஒரு நாள் என்று குறைப்பார்கள், இல்லை முழுவதும் எடுத்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், காலை ஷிஃப்ட் என்று காரணம் காட்டினால் எடுபடும். ஏட்டையா "பரவால்ல, நாளைல இருந்து வர வேணாம்" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வர வேண்டும்.

அடுத்து வாய்தா. வழக்குக்கு சி.என்.ஆர். எண் என்று, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. வக்கீலிடமோ நீதிமன்ற உதவி மையத்திலோ அதை வாங்கி, செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலியை ஏற்றி அந்த எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். தேதிக்காக யாரையும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். வர முடியாத நாளில் வக்கீல் மூலம் ஆஜராகாமைக்கு மனு போட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாறி, இந்த மனுவுக்கான பிரிவு எண் 317-இலிருந்து 355 ஆகிவிட்டது. கோர்ட் வளாகத்தில் இன்னும் "317 பெட்டிஷன்" என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலோ, மாமியார் வீட்டுச் சாவோ, அந்த மனு இல்லாமல் ஒரு வாய்தா போனால் பிடிவாரண்ட் விழ வாய்ப்பு உண்டு. ஜாமீனில் இருந்துகொண்டு தகுந்த காரணமில்லாமல் ஆஜராகாமல் இருப்பது தனிக் குற்றமே. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 269-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை என்று இருக்கிறது.

ஏற்கெனவே வாரண்ட் விழுந்துவிட்டதா? ஓட வேண்டாம். வக்கீலோடு நேராக நீதிமன்றத்தில் ஆஜராகி வாரண்ட்டைத் திரும்பப் பெற மனு போடுங்கள். தானாக வந்தவனையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவனையும் நீதிபதி ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழு இருக்கிறது. காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் எல்லாருக்கும் இலவச வக்கீல் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்று ஒரு பேச்சு உண்டு. காசு வாங்கும் வக்கீலிலும் அப்படி ஆள் இருக்கிறார்கள். வாய்தாவுக்கு முந்தின நாள் நீங்களே போன் போட்டு ஞாபகப்படுத்தினால் இரண்டு வகை வக்கீலுமே ஒழுங்காக வருவார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை, சமரசம் பற்றியது. மாரியம்மன் பண்டிகையில் அடிதடி, இரண்டு தரப்பும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசி முடித்தாயிற்று, வெள்ளைத்தாளில் கையெழுத்தும் ஆயிற்று. ஊருக்கு அது முடிவு. நீதிமன்றத்துக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சாதாரண காயம் போன்ற சமரசம் செய்யத்தக்க பிரிவுகளாக இருந்தால் புகார்தாரரோடு நீதிமன்றத்தில் ஆஜராகிப் பதிவு செய்ய வேண்டும். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். பெரிய பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம்தான், அங்கேயும் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட மாட்டார்கள். சமரசப் பேச்சு என்றாலும் நீங்களே புகார்தாரர் வீட்டுக்குப் போகாதீர்கள். சாட்சியை மிரட்டினான் என்று ஒரு மனு வந்தால் ஜாமீன் ரத்தாகும்.

தண்டனை முடித்து வந்தவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். அபராதம் கட்டியாயிற்றா, ரசீது எங்கே என்று பாருங்கள். மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போட வேண்டும். விடுதலையானவர்களுக்கும் தீர்ப்பு நகல் வேண்டும், அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படும். போலீஸ் பிடித்து வைத்த பைக், செல்போன் கேஸ் சொத்தாகக் கிடந்தால் திரும்பக் கேட்டு மனு போடலாம்.

குண்டாஸில் போய் வந்தவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தடுப்புக் காவல் சட்டம். அதிகபட்சம் 12 மாதம் வைக்கலாம். அது குற்றத்துக்கான தண்டனை ஆகாது. "தண்டனை பெற்றதுண்டா?" என்று ஒரு படிவம் கேட்டால் குண்டாஸ் அதில் வராது. "கைது செய்யப்பட்டதுண்டா, காவலில் இருந்ததுண்டா?" என்று கேட்டால் வரும். குண்டாஸ் போடக் காரணமாக இருந்த கேஸ் தனியாக நடந்துகொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

18 வயதுக்குள் நடந்த விஷயம் என்றால் உங்கள் நிலைமை மற்றவர்களைவிட எவ்வளவோ மேல். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24-வது பிரிவின்படி அந்த வழக்கால் உங்களுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்து குறிப்பிட்ட காலத்தில் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். நன்னடத்தைச் சான்றுக்காகக் கேட்டாலும், முடிந்துபோன அந்த வழக்கைப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது என்று 74-வது பிரிவு சொல்கிறது. 16 வயது தாண்டி, கொடிய குற்றம் என்று வயது வந்தவர் போல விசாரித்துத் தீர்ப்பான வழக்குகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு முழுதாகக் கிடைக்காது.

ஸ்டேஷன்

வெளியே வந்த சில வாரத்தில் "அய்யா கூப்பிடறார்" என்று ஆள் வரும். ஊரில் ஏதாவது திருட்டு நடந்தாலும், தேர்தல் வந்தாலும், பண்டிகை வந்தாலும் வரும். கோபப்படாமல் போய் வாருங்கள். தனியாகப் போக வேண்டாம். அப்பாவோ, வார்டு உறுப்பினரோ, கடைக்கார அண்ணனோ யாராவது ஒருவர் கூட இருக்கட்டும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி வம்புக்குப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் நன்னடத்தைப் பிணை. 107, 110 என்று பழைய பிரிவு எண்ணில் எல்லாரும் சொல்வது இப்போது 126, 129 ஆகிவிட்டது. பெரும்பாலும் கோட்டாட்சியர் முன்னால் நடக்கும். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நான்கு கோட்டம். பிணைக் காலத்தில் இன்னொரு கேஸ் வந்தால் மிச்சக் காலத்தை உள்ளே கழிக்க வேண்டி வரலாம். அந்த விசாரணையிலும் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், மறுத்துப் பதில் சொல்லலாம். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துப் பையன்கள் வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்தப் பழக்கம் போக வேண்டும்.

ரவுடிப் பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் அது ஆயுளுக்கும் நிற்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் புது வழக்கு எதுவும் இல்லை என்றால், விடுதலைத் தீர்ப்பின் நகல், வேலை செய்யும் இடத்துக் கடிதம் இவற்றை வைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் பெயரை நீக்கக் கேட்டு மனு கொடுக்கலாம். பதில் இல்லை என்றால் உயர் நீதிமன்றம் போகலாம்.

காகிதங்கள்

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், டி.சி., மார்க் ஷீட். எது தொலைந்திருந்தாலும் இ-சேவை மையத்தில் தொடங்குங்கள். ஆதாரில் இருக்கும் செல்போன் எண் பழையதாக இருக்கும், முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் எந்த ஓ.டி.பி.யும் வராது. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும், அடையாள ஆவணம் கொடுத்தால் கட்டணம் இல்லாமல் திறந்துவிடுவார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிறையில் இருக்கும்வரைதான் ஓட்டுப் போட முடியாது.

முதல் சம்பளம்

முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு யாரும் எதுவும் கேட்காத வேலை போதும். மாம்பழ சீசன் என்றால் கிருஷ்ணகிரி சுற்று வட்டாரத்தில் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் பெங்களூரா காய் ஏற்றி இறக்க ஆள் தேவைப்படும். பாலக்கோடு, இராயக்கோட்டை தக்காளி மண்டிகளில் விடியற்காலை வேலை. ஓசூர், தளி பக்கம் ரோஜா பண்ணைகள். பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறைகள். சம்பளம் பரவாயில்லை, ஆனால் தூசி நுரையீரலைத் தின்னும், முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள். மண்டி வேலையில் ஒரு வசதி இருக்கிறது: காலை ஒன்பது, பத்து மணிக்குள் முடிந்துவிடும், வாய்தாவுக்கும் கையெழுத்துக்கும் போய் வரலாம்.

கையில் வரும் காசு முதலில் எங்கே போக வேண்டும் என்றால், அம்மாவின் அடகு நகைக்கு. உங்களை ஜாமீனில் எடுக்க அந்த நகைதான் கூட்டுறவு வங்கிக்குப் போயிருக்கும். வட்டியாவது கட்டி ஏலத்துக்குப் போகாமல் நிறுத்துங்கள். மகளிர் குழுக் கடனும் பாக்கி இருக்கலாம். வீட்டில் உங்கள் பேச்சுக்கு மறுபடி மதிப்பு வருவது இப்படித்தான், நான் திருந்திவிட்டேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் வராது.

குடியோ கஞ்சாவோ இன்னும் விடவில்லை என்றால், தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தூக்கமில்லை, படபடப்பு என்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கைத்தொழில்

கூலி வேலையிலேயே நின்றுவிட்டால் முப்பது வயதில் உடம்பு கேட்காது. ஒரு தொழில் வேண்டும். எட்டாவது படித்திருந்தால் அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் சேரலாம். பத்தாவது என்றால் ஃபிட்டர், எலக்ட்ரீசியன். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். வெல்டர் ஒரு வருடம், ஃபிட்டர் இரண்டு வருடம். அவ்வளவு நாள் சம்பளமில்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு, இந்தியன் வங்கி நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறது. பைக் மெக்கானிக், வயரிங், செல்போன் பழுது, கறவை மாடு என்று சில வாரப் பயிற்சி, சாப்பாட்டோடு இலவசம். பத்தாவது பாதியில் நின்றவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். அந்த ஒரு மார்க் ஷீட் இல்லாமல் ஓசூரில் எந்தக் கம்பெனி வாசலும் திறக்காது.

ஓசூரைப் பற்றி என் கருத்து இது. பெரிய கம்பெனிகளை முதலில் குறிவைக்காதீர்கள். அங்கே ஆள் எடுப்பது ஒருவர், பின்னணி சரிபார்ப்பது வெளி ஏஜென்சி, முடிவு செய்வது எங்கோ இருக்கும் எச்.ஆர்.; உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச ஆளே இல்லை. சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டைகளில் அந்தக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட்டுகள் நிறைய இருக்கின்றன. முதலாளி மிஷினுக்குப் பக்கத்திலேயே நிற்பார். இரண்டு வாரம் உங்கள் கையைப் பார்த்துவிட்டு அவரே முடிவு செய்வார். டர்னராகவோ சி.என்.சி. ஆபரேட்டராகவோ இரண்டு மூன்று வருடம் ஒரே இடத்தில் நின்று அனுபவக் கடிதம் வாங்கினால், அடுத்த இடத்தில் முதலில் பார்ப்பது அந்தக் கடிதத்தைத்தான். பி.எஃப். பிடிக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள். எத்தனை வருடம் ஒழுங்காக வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

கேட்டால் என்ன சொல்வது?

வாயால் யாரும் கேட்காத இடத்தில் நீங்களாகப் போய்ப் பழங்கதை சொல்ல வேண்டாம். ஆனால் வாய்தா மீதம் இருந்தால் சேரும் அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் லீவு கேட்க வேண்டும். சுருக்கமாகச் சொல்லுங்கள்: "சார், ஊர்ல ஒரு அடிதடி கேஸ் என் பேர்ல நடக்குது. மாசத்துல ஒரு நாள் கோர்ட்டுக்குப் போகணும். அந்த நாளை முன்னாடியே சொல்லிடறேன், ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்ணிடறேன்." அதற்கு மேல் யார் குத்தினான், யார் தூண்டினான் என்று விளக்கப் போகாதீர்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். சரி, அடுத்த யூனிட்.

எழுத்தில் கேட்டால் பொய் எழுதவே கூடாது. அரசு வேலைப் படிவத்தில் இது உயிர்நாடி. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: இளம் வயதில் நடந்த சிறிய குற்றத்தை வேலை தருபவர் தம் விருப்பப்படி மன்னித்துவிடலாம், மறைத்தது தெரிந்தால் அந்த மறைப்பே வேலையை ரத்து செய்யக் காரணமாகலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. காவலர் தேர்வில், சந்தேகத்தின் பலன் என்று விடுதலையானதைக்கூட ஏற்க மாட்டார்கள். அதற்காக வருடங்களை வீணாக்காதீர்கள். போக்சோவில் தண்டனை பெற்றவர்கள் பள்ளி வேன், விடுதி போன்ற குழந்தைகள் இருக்கும் வேலைகளை அடியோடு விட்டுவிடுங்கள்.

சொந்தக் கடை, கடன்

தொழில் கையில் வந்த பிறகுதான் கடனை யோசிக்க வேண்டும். எட்டாவது படித்த வேலையில்லாத இளைஞர்களுக்கான மாநிலத் திட்டத்தில் 25 விழுக்காடு மானியம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையம் போங்கள். அங்கே கேஸைவிட சிபில்தான், அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் மதிப்பெண்தான், வழி மறிக்கும். நீங்கள் உள்ளே இருந்தபோது பைக் டியூ நின்றிருக்கும். அதைப் பேசி முடித்துத் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். சிறைத் துறையின் நன்னடத்தை அலுவலரையும் பாருங்கள். விடுதலையான கைதிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று அவர்கள் வழியாக இயங்குகிறது. தொழில் தொடங்கும் உதவிக்கு அங்கே மனு கொடுக்கலாம். மீட்டர் வட்டிக்காரர் பக்கம் மட்டும் போகாதீர்கள். வசூலுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவரும் அவர்தான், கடனைக் கழிக்க உங்களையே அந்த வேலைக்குக் கூப்பிடுவார்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

பாஸ்போர்ட் சட்டப்படி, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் கடந்த 5 ஆண்டுக்குள் 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்படும். கேஸ் நடந்துகொண்டிருப்பவர்கள் அந்த நீதிமன்றத்தில் அனுமதி உத்தரவு வாங்கினால், அதில் சொன்ன காலத்துக்குப் பாஸ்போர்ட் தருவார்கள். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். மனு எழுதும்போது எத்தனை வருடம் வேண்டும் என்று வக்கீலைக் குறிப்பிடச் சொல்லுங்கள். "கேஸ் இல்லைனு டிக் பண்ணிடலாம்பா" என்று ஏஜென்ட் சொன்னால் அவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். போலீஸ் சரிபார்ப்பில் அது வெளியே வரும், பொய்த் தகவல் கொடுத்ததாக இன்னொரு நடவடிக்கையும் உங்கள் பெயரில்தான் வரும், ஏஜென்ட் பெயரில் வராது.